வெளியே நிற்கும் தண்ணீர்: வீட்டு நீச்சல் குளம் பற்றி வாசகர் கேள்விகள்

வீட்டைச் சுற்றிக் கட்டும் எதைப் பற்றியும் கேளுங்கள் என்று எழுதியிருந்தேன். மதில், தொட்டி, படிக்கட்டு என்று வரும் என எண்ணியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பகுதி நீச்சல் குளம் பற்றியவை. ஆகவே இந்த இதழ் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கணக்குச் சொல்ல வேண்டிய இடங்களில் எல்லாம் ஒரே குளத்தை மனத்தில் வைத்துக்கொள்வோம். உள்ளளவு 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், சராசரி ஆழம் 1.5 மீட்டர். நிரம்பினால் 48,000 லிட்டர். தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனமுள்ள கம்பி கட்டிய கான்கிரீட்.

கேள்வி: வீட்டுக்குப் பின்னால் காலி இடம் இருக்கிறது. நானும் தம்பியும் கட்டட வேலை ஓரளவு அறிந்தவர்கள். ஒப்பந்தக்காரரிடம் விடாமல் நாங்களே குளம் கட்டலாம் என்று இருக்கிறோம். முதலில் எந்த வேலையைத் தொடங்க வேண்டும், மேடம்? – பட்டறை வைத்திருக்கும் வாசகர்

பதில்: காத்திருப்பதிலிருந்து தொடங்குங்கள். குளம் வரப்போகும் இடத்தில் சுமார் மூன்று மீட்டர் ஆழத்துக்குக் கைத்துளைப்பானால் ஒரு துளை போடுங்கள். பக்கங்களில் ஓட்டையிட்ட பி.வி.சி. குழாய் ஒன்றை அதில் இறக்கி, சுற்றிலும் சிறு ஜல்லி கொட்டி, மேலே மூடி போட்டுவிடுங்கள். ஒரு மழைக்காலம் முழுவதும் அந்தக் குழாய்க்குள் நீர் எந்த உயரம் வரை ஏறுகிறது என்று குறித்து வையுங்கள். துளை போடும்போது வெளிவரும் மண்ணையும் அடுக்கு அடுக்காகத் தனித்தனிப் பையில் எடுத்து வையுங்கள். வரைபடம் போடும் பொறியாளர் உங்களிடம் முதலில் கேட்க வேண்டியவை இவை இரண்டுதான். கேட்காமலே கம்பி அளவு சொல்பவராக இருந்தால் வேறொருவரைப் பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குளம் என்றதும் எல்லோரும் உள்ளே இருக்கும் தண்ணீரை எண்ணியே கவலைப்படுகிறார்கள். கசியுமா, வற்றுமா என்பதே பேச்சு. குளத்தை அடியோடு கெடுப்பது வெளியே, மண்ணுக்குள் நிற்கும் தண்ணீர். நமது மாதிரிக் குளத்தின் கான்கிரீட் கூட்டை எடை போட்டுப் பார்ப்போம். தரையும் சுவர்களும் சேர்ந்து 15 கன மீட்டருக்குச் சற்றுக் குறைவு. எடை ஏறத்தாழ 37 டன். அடித்தளத்தின் வெளிப்பரப்பு 37 சதுர மீட்டர். நிலத்தடி நீர் அடித்தளத்துக்கு மேல் ஒரே ஒரு மீட்டர் ஏறினால், ஆர்க்கிமிடிஸ் சொன்னபடி அது மேல்நோக்கித் தள்ளும் விசையும் 37 டன். குளம் நிரம்பியிருந்தால் உள்ளே 48 டன் தண்ணீர் அதை அழுத்திப் பிடித்திருக்கும், ஆபத்தில்லை. அதே சமயத்தில் குளத்தை வடித்துவிட்டால், அது கட்டடமாக இருக்காது, படகாகிவிடும்.

அப்படி ஆன ஒரு குளத்தைப் பார்க்க என்னை அழைத்திருக்கிறார்கள். தொடர்மழை ஓய்ந்ததும் பாசி பிடித்துவிட்டதென்று வீட்டுக்காரர் மோட்டார் வைத்து வடித்திருக்கிறார். மறுநாள் காலையில் ஆழமான முனை ஒரு சாண் உயரம் எழும்பி நின்றது. குழாய்கள் முறிந்துவிட்டன, சுற்றிப் பதித்திருந்த கற்கள் பெயர்ந்துவிட்டன. மேலே வந்த குளம் திரும்ப இறங்காது. அடியில் ஏற்பட்ட வெற்றிடத்துக்குள் மண் சரிந்து விழுந்துவிடும். அந்தக் குளத்தை உடைத்து அகற்றுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. நல்ல கான்கிரீட், நல்ல கம்பி, நேர்த்தியான டைல்ஸ். அத்தனையும் போயிற்று. சொல்லும்போது இன்றும் மனம் பொறுக்கவில்லை.

உங்கள் குழாயில் நீர்மட்டம் உயர்ந்து வருகிறது என்றால் மனம் தளர வேண்டாம். செய்வதற்கு வழிகள் உண்டு. தரைக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் ஜல்லிப் படுகை விரித்து, அதிலிருந்து துளையிட்ட குழாயை ஓரத்தில் ஒரு சிறு உறைக்கிணற்றுக்குக் கொண்டுபோங்கள். குளத்தை வடிக்க வேண்டி வந்தால் முதலில் அந்தக் கிணற்றை இறைத்துக்கொள்ளலாம். குளத்தின் மிக ஆழமான இடத்தில் அழுத்தம் தணிக்கும் வால்வு வையுங்கள். வெளி அழுத்தம் கூடினால் அது திறந்து நிலத்தடி நீரை உள்ளே விடும். குளம் அழுக்காகும், ஆனால் பிழைத்துக்கொள்ளும். குளத்தின் தரைக் கான்கிரீட்டைச் சுவருக்கு வெளியே 30 சென்டிமீட்டர் நீட்டிவிட்டால் அதன்மேல் உட்காரும் மண்ணின் எடையும் துணை நிற்கும். நீர் நிலமட்டத்தை ஒட்டியே வருகிற இடமென்றால் குளத்தைப் பாதி மேலேயும் பாதி கீழேயுமாகக் கட்டுவதே நல்லது. முழுவதும் தரைக்குள் இருந்தால்தான் அழகு என்ற எண்ணத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

அடுத்தது மண். நனைந்தால் உப்பிக் காய்ந்தால் வெடிக்கும் களிமண் என்றால், அது சுவரைப் பருவத்துக்குப் பருவம் தள்ளி இழுத்துக்கொண்டே இருக்கும். அதற்கேற்ற வடிவமைப்பு தேவை. இதைவிட மோசமானது பாதி கெட்டி நிலம், பாதி கொட்டி நிரப்பிய மண். குளத்தின் ஒரு பக்கம் அமுங்கும், மறுபக்கம் அமுங்காது. நடுவில் விரிசல் விழும். அப்படிப்பட்ட மனையில் குளத்தைச் சில மீட்டர் நகர்த்தியாவது முழுவதும் கெட்டி நிலத்துக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

தோண்டிய மண்ணை எங்கே கொட்டுவது என்று இப்போதே முடிவு செய்யுங்கள். வேலை செய்ய இடம் விட்டுத் தோண்டினால் ஏறத்தாழ 100 கன மீட்டர் வெட்ட வேண்டியிருக்கும். வெட்டிய மண் உப்பி 125 கன மீட்டராகும். அதைக் குழியின் விளிம்பிலேயே குவித்து வைக்காதீர்கள், கரை சரியும். இடுப்பு உயரத்துக்கு மேல் ஆழமான, பக்கங்கள் செங்குத்தான, முட்டுக் கொடுக்காத குழிக்குள் யாரையும் இறங்க விடாதீர்கள். மண் சரிந்து மூடினால் பக்கத்தில் நிற்பவர்கள் இழுத்துக் காப்பாற்ற முடியாத எடை அது.

நீங்களே செய்வதைப் பற்றி: அளந்து குறிப்பது, இயந்திரம் வைத்துத் தோண்டுவது, ஜல்லி விரிப்பது, வரைபடம் பார்த்துக் கம்பி கட்டுவது, குழாய் பொருத்துவது, டைல்ஸ் ஒட்டுவது எல்லாம் உங்களால் முடியும். கம்பியின் கணக்கு, மின்வேலை இரண்டையும் தகுதி பெற்றவரிடம் விடுங்கள். உள்ளாட்சி அனுமதியை வாங்கிக்கொண்டு தொடங்குங்கள்.

கேள்வி: மொகஞ்சதாரோவின் பெருங்குளம் செங்கல்லால் கட்டப்பட்டது என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அது நாலாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. நான் செங்கல் சுவர் வைத்துச் சிமென்ட் பூசிக்கொள்கிறேன் என்றால் ஏன் எல்லோரும் தடுக்கிறார்கள்? – வரலாற்று ஆசிரியர்

பதில்: ஐயா, அந்தக் குளம் எப்படிக் கட்டப்பட்டது என்பதிலேயே உங்களுக்கு விடை இருக்கிறது. ஏறத்தாழ 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். செங்கற்களை இடைவெளி தெரியாமல் நெருக்கி வைத்து ஜிப்சம் சாந்தில் கட்டினார்கள். அதற்குப் பின்னால் தார் போன்ற நிலக்கீலை ஓர் அடுக்காகப் பூசினார்கள். அதற்கும் பின்னால் மறுபடி செங்கல் சுவர். கனத்தையும், பல அடுக்குகளையும், நிலக்கீலையும் சேர்த்து நம்பிக் கட்டிய குளம் அது. ஒற்றைச் செங்கல் சுவரை அவர்கள் நம்பவில்லை.

நம் மாதிரிக் குளத்தில், சுவரின் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஒன்றரை டன் அழுத்தம் இருக்கும். எட்டு மீட்டர் சுவர் முழுவதற்குமாகக் கூட்டினால் ஒன்பது டன் வெளிநோக்கித் தள்ளுகிறது. பின்னால் இருக்கும் மண் தாங்கிக்கொள்ளும் என்பார்கள். நிரப்பிய மண் காலப்போக்கில் அமுங்கிச் சுவரைவிட்டு விலகும். அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. குளத்தை வடித்ததும் நிலைமை தலைகீழ். இப்போது மண் சுவரை உள்நோக்கித் தள்ளும். ஆக, இரு பக்கமும் வளைவைத் தாங்கும் சுவர் தேவை. செங்கல்லுக்கு அமுக்கத்தைத் தாங்கும் வலு உண்டு. இழுவிசையைத் தாங்கும் வலு மிகக் குறைவு. கம்பி இல்லாமல் அது நடவாது. மேலே பூசும் சிமென்ட் சுவர் அசையும் இடத்தில் எல்லாம் விரிசல் விடும்.

நடுவழி ஒன்று உண்டு. கான்கிரீட் தரைமீது ஹாலோ பிளாக் அடுக்கி, அதன் குழிகளில் கம்பி நிறுத்திக் கான்கிரீட் நிரப்பி, உள்ளே வினைல் விரிப்புப் போடலாம். அங்கே தண்ணீரைப் பிடித்து வைப்பது விரிப்பின் வேலை, அழுத்தத்தைத் தாங்குவது மட்டுமே சுவரின் வேலை. சிறு குளத்துக்கு இது நேர்மையான முறை. விரிப்பைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: மேஸ்திரி இன்று தரை போட்டுவிட்டு அடுத்த வாரம் சுவர் போடலாம் என்கிறார். நடுவில் வரும் ஒட்டு கசியாதா? நீர்புகாப் பூச்சு அடித்தால் சரியாகிவிடும் என்றும் சொல்கிறார். – வீடு கட்டிக்கொண்டிருக்கும் வாசகி

பதில்: மேஸ்திரி சொல்வதில் முதல் பாதி சரி. பெரும்பாலான குளங்களில் தரையும் சுவரும் தனித்தனியாகத்தான் போடப்படுகின்றன. ஆனால் ஒட்டு வரும் இடம் தரையும் சுவரும் சந்திக்கும் மூலையாக இருக்கக் கூடாது. தரை போடும்போதே சுவரின் கீழ்ப்பகுதியை 15 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சேர்த்துப் போட்டுவிடச் சொல்லுங்கள். அந்தச் சிறு சுவரின் நடுவில், ஒட்டு வழியே நீர் கசியாமல் தடுக்கும் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப்பர் பட்டையை, பாதி கான்கிரீட்டுக்குள்ளும் பாதி மேலே நீட்டியுமாக நிறுத்த வேண்டும். கான்கிரீட் ஊற்றும் வேகத்தில் அது மடங்கிப் படுத்துவிடாதபடி கம்பியோடு கட்ட வேண்டும். மறுநாள் மேற்பரப்பில் பாலாடைபோல் படிந்த சிமென்ட் ஏட்டைக் கம்பித் தூரிகையால் தேய்த்து, ஜல்லி முகம் தெரியும்படி செய்து, கழுவி, அதன் பிறகே சுவர்.

சுவரை நான்கு பக்கமும் ஒரே நாளில், நிறுத்தாமல், சுற்றிச் சுற்றி அடுக்காக ஊற்றுங்கள். சாப்பாட்டு வேளைக்கு வேலையை நிறுத்திவிட்டு வந்து தொடர்ந்தால், அந்த இடத்தில் பழைய கான்கிரீட்டும் புதியதும் ஒட்டாமல் ஒரு கோடு விழும். நான் பார்த்த கசிவுகளில் பல இந்தக் கோட்டில்தான். வேலையாட்களை மாற்றி மாற்றிச் சாப்பிட அனுப்புங்கள்.

கலவையில் தண்ணீர் சேர்ப்பதைத்தான் நான் மிகக் கடுமையாக எதிர்க்கிறேன். சிமென்ட்டின் எடையில் 0.45 பங்குக்கு மேல் தண்ணீர் போகக் கூடாது. 50 கிலோ மூட்டைக்கு 22 லிட்டர், அதில் மணலின் ஈரமும் சேர்த்தி. கலவை கெட்டியாக இருக்கிறது, ஓடவில்லை என்று ஒருவர் குழாயைத் திறப்பார். கூடுதலாகப் போன அந்தத் தண்ணீர் பின்னர் ஆவியாகி, கண்ணுக்குத் தெரியாத நுண்குழாய்களை விட்டுச்செல்லும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான ரசாயனக் கலவையைச் சேர்க்கலாம், தண்ணீரைச் சேர்க்கக் கூடாது. நன்றாக ஓட வேண்டிய மூலைகளில், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டரைப் பிடியுங்கள். கம்பிக்கு வெளியே 40 மில்லிமீட்டராவது கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். அதற்குக் கம்பியைத் தள்ளிப் பிடிக்கும் கவர் பிளாக் என்ற சிறு கட்டைகளை வையுங்கள், ஜல்லித் துண்டை முட்டுக் கொடுக்க விடாதீர்கள். கான்கிரீட் ஊற்ற நிறுத்தும் அச்சுப் பலகைகளை இழுத்துப் பிடிக்கும் கம்பி சுவரைத் துளைத்துக்கொண்டு போனால் அதன் நடுவிலும் நீர்தடுப்பு வளையம் வேண்டும்.

பிறகு ஈரம் காப்பது. குறைந்தது 7 நாள், முடிந்தால் 14 நாள், கான்கிரீட்டின் மேல் போர்த்திய கோணி காயவே கூடாது. காலையும் மாலையும் வாளியால் விசிறிவிட்டுப் போவது போதாது. 28 நாள் கழித்து, பூச்சும் டைல்ஸும் இல்லாத வெறும் கான்கிரீட்டில் தண்ணீர் நிரப்பி ஒரு வாரம் நிறுத்திப் பாருங்கள். ஈரத் தடம் எங்கே தெரிகிறது என்று பார்ப்பதற்காக, வெளிப்பக்கம் மண் நிரப்பாமல் வைத்திருக்க வேண்டும். மழை இல்லாத காலமாகப் பார்த்துச் செய்யுங்கள். நல்ல கான்கிரீட்டுக்கு மேல் அடித்தால் நீர்புகாப் பூச்சு நல்ல துணை. கெட்ட கான்கிரீட்டை அது காப்பாற்றாது.

பலகையே இல்லாமல், குழாய் முனையால் கான்கிரீட்டைச் சுவரில் பீய்ச்சியடிக்கும் முறையும் உண்டு. வளைவான குளங்களுக்கு அதுவே வசதி. இதன் மூலக் கருவியைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் அல்லர் என்பது எனக்கு எப்போதும் வியப்பு. சிகாகோ அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்து வைத்த கார்ல் ஏக்லி என்பவர் அவர்; 1911-ல் காப்புரிமை பெற்றார். இந்த முறையில் சுவரில் பட்டுத் தெறித்து விழும் கலவையை அள்ளி மறுபடி குளத்தில் போடவே கூடாது. அதில் சிமென்ட் குறைவு, வெறும் ஜல்லியும் மணலும்தான் இருக்கும். பீய்ச்சுபவரின் கைப்பழக்கம் தெரியாமல் இதில் இறங்காதீர்கள்.

கேள்வி: வீட்டுச் சுவருக்கு எவ்வளவு அருகில் குளம் வரலாம்?

பதில்: வீட்டு அஸ்திவாரத்தின் அடி விளிம்பிலிருந்து குளத்தின் பக்கமாக 45 பாகையில் ஒரு கோடு கீழே இறக்குங்கள். தோண்டும் குழி அந்தக் கோட்டுக்குள் நுழையக் கூடாது. கழிவுநீர்த் தொட்டியையும் பெரிய மரங்களையும் விட்டு நன்றாக விலகியே இருங்கள்.

கேள்வி: ஆழம் எவ்வளவு வைக்கலாம்? கல்லூரியில் படிக்கும் மகன்கள் தலைகீழாகப் பாய்வதற்கு ஏற்ற ஆழம் கேட்கிறார்கள்.

பதில்: வேண்டாம். வீட்டுக் குளத்தில் தலைகீழாகப் பாய்வதற்கு இடம் கொடுக்காதீர்கள். ஆழமான பகுதி நீளமாகவும் இருந்தால்தான் பாய்ந்தவர் தரையைத் தொடாமல் மேலே வர முடியும். எட்டு மீட்டர் குளத்தில் அது இயலாது. எதிரே ஏறிவரும் சரிவில் தலை மோதினால் கழுத்தெலும்பு முறிகிறது. முறிந்தால் இருபது வயதில் கை கால் அசையாமல் போய்விடும். மகன்களிடம் இதை நேரடியாகச் சொல்லுங்கள்.

நீந்துவதற்கு 1.2 முதல் 1.4 மீட்டர் தாராளம். நின்று இளைப்பாறலாம், சிறுவருக்குக் கற்றுக்கொடுக்கலாம், தண்ணீரும் மிச்சம். ஆழத்தில் மிச்சமானதை நீளத்தில் போடுங்கள். அகலம் மூன்று மீட்டராகக் குறைந்தாலும் நீளம் பத்து, பன்னிரண்டு மீட்டர் இருந்தால் கை வீசி நீந்த முடியும். தரைச் சரிவு மெல்லியதாக இருக்கட்டும். ஆழம் மாறும் இடத்தில் வேறு நிற டைல்ஸ் ஒரு வரிசை பதித்து, ஆழத்தை ஓரத்தில் எழுதி வையுங்கள். ஏறி இறங்க ஏணியைவிட அகலமான படிகள் நல்லவை. முதியவர்கள் நன்றி சொல்வார்கள்.

கேள்வி: பம்பும் வடிகட்டியும் எந்த அளவில் வாங்குவது? குளத்தின் அடித்தரையில் ஒரே ஒரு வடிகால் போதும் என்கிறார் குழாய் வேலைக்காரர்.

பதில்: ஆறு மணி நேரத்தில் குளத்து நீர் முழுவதும் ஒருமுறை வடிகட்டி வழியாகச் சுற்றி வர வேண்டும் என்று கொள்ளுங்கள். 48,000 லிட்டருக்கு மணிக்கு 8,000 லிட்டர். வீட்டுக் குளத்துக்கு மணல் வடிகட்டி போதும். அழுத்தமானி சுத்தமான நிலையில் காட்டியதைவிட அரை பார் கூடியதும் எதிர்த்திசையில் நீர் விட்டுக் கழுவுங்கள். பம்பின் குதிரைத்திறனைக் கூட்டுவதைவிடக் குழாயின் விட்டத்தைக் கூட்டுவது நல்லது. மேல்மட்டக் குப்பையை இழுக்கும் ஸ்கிம்மரைக் காற்று போய்ச் சேரும் பக்கத்தில் வையுங்கள்; இலைகளைக் காற்றே அங்கே கொண்டுவந்து கொடுக்கும்.

அடி வடிகால் விஷயத்தில் உங்கள் குழாய் வேலைக்காரர் சொல்வதை ஏற்காதீர்கள். ஒரே வடிகாலை ஒரு குழந்தையின் உடல் மூடிவிட்டால், பம்பின் முழு உறிஞ்சலும் அந்த உடலின்மேல் இறங்கும். பெரியவர் இருவர் சேர்ந்து இழுத்தாலும் பிரிப்பது கடினம். அமெரிக்காவில் 2002-ல் விர்ஜினியா கிரேம் பேக்கர் என்ற 7 வயதுச் சிறுமி, வெந்நீர்த் தொட்டியின் வடிகால் உறிஞ்சலில் சிக்கி இறந்தாள். நீந்தத் தெரிந்த குழந்தை. அவள் தாய் விடாமல் போராடியதன் பலனாக, 2007-ல் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. வடிகால் மூடிகளின் அமைப்பை அது முறைப்படுத்தியது.

ஆகவே இரண்டு வடிகால்கள், நடுவில் ஒரு மீட்டராவது இடைவெளி, இரண்டும் ஒரே உறிஞ்சுகுழாயில் சமமாக இணைக்கப்பட வேண்டும். ஒன்று மூடிக்கொண்டாலும் மற்றது இழுத்துக்கொள்ளும். மூடி தட்டையாக இல்லாமல் குமிழ்போல் எழும்பியிருக்க வேண்டும். நீண்ட கூந்தல் சிக்காத வகையைக் கேட்டு வாங்குங்கள். மூடி உடைந்தாலோ கழன்றாலோ, புதியது போடும் வரை பம்பை ஓட்டாதீர்கள், யாரையும் குளத்தில் இறங்க விடாதீர்கள். பம்பை நிறுத்தும் சுவிட்ச் குளக்கரையிலேயே எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

நீருக்கடியில் விளக்கு வைப்பதைப் பற்றி மூவர் கேட்டிருக்கிறார்கள். 12 வோல்ட் விளக்கு மட்டும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் கட்டாயம். கம்பிக்கூடு, ஏணி, பம்பின் உலோகப் பாகம் எல்லாவற்றையும் ஒன்றோடொன்று இணைத்து நிலத்தொடர்பு கொடுக்க வேண்டும். கான்கிரீட் ஊற்றிய பிறகு நினைவுக்கு வந்தால் பயனில்லை.

கேள்வி: மகன் குளம் கட்டி முடித்துவிட்டான். பேரனுக்கு மூன்று வயது. வேலி போடச் சொன்னால் தோட்டத்தின் அழகு கெடும், நாங்கள்தான் பார்த்துக்கொள்கிறோமே என்கிறான். நீ எழுதினால் கேட்பான், அம்மா. – ஒரு பாட்டி

பதில்: அம்மா, இந்தப் பகுதியை உங்கள் மகனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

தம்பி, குழந்தை மூழ்கும்போது கத்தாது. மூச்சுக்குப் போராடும் வாயால் குரல் எழுப்ப முடியாது. கையை வீசி யாரையும் அழைக்காது. பத்தடி தள்ளி நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கும் சத்தம் கேட்காது. பார்த்துக்கொண்டேதான் இருந்தோம், தொலைபேசி அடித்தது, உள்ளே போய் வந்தோம் என்றுதான் இந்தக் கதைகள் எல்லாம் இருக்கின்றன. பார்த்துக்கொள்வது தேவை. அது ஒரு கணம் தவறும்போது வேலி இருக்க வேண்டும்.

வேலி நான்கு பக்கமும் வேண்டும். மூன்று பக்கம் வேலி, நான்காவது பக்கம் வீட்டுச் சுவர் என்று வைத்தால், பின்கதவைத் திறந்துகொண்டு வரும் குழந்தைக்கு எதிரே நேராகக் குளம். 1.2 மீட்டருக்குக் குறையாத உயரம், கம்பிகளுக்கு நடுவில் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்த இடைவெளி, கால் வைத்து ஏறக் குறுக்குச் சட்டம் இல்லாத அமைப்பு. கதவு குளத்துக்கு எதிர்ப்புறமாகத் திறந்து தானாகச் சாத்திக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாள் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் தானாக விழ வேண்டும். வேலி ஓரத்தில் நாற்காலி, பூந்தொட்டி எதுவும் வேண்டாம். குளித்து முடித்ததும் பந்தையும் பொம்மையையும் குளத்திலிருந்து எடுத்துவிடுங்கள். அவற்றை எடுக்கத்தான் குழந்தை குனிகிறது.

வீட்டில் உள்ள பெரியவர்கள் எல்லோரும் முதலுதவிப் பயிற்சி எடுத்துக்கொள்ளுங்கள். மூழ்கியவருக்கு மார்பை அழுத்துவது மட்டும் போதாது, வாய்வழியே மூச்சும் கொடுக்க வேண்டும். அதைப் படித்துத் தெரிந்துகொள்ள முடியாது, ஒருவரிடம் நேரில் பழக வேண்டும். கண்ணாடி வேலியும் கிடைக்கிறது, தம்பி. தோட்டம் மறையாது. வேலி வரும் வரை குளத்தில் தண்ணீர் நிரப்ப வேண்டாம். நிலத்தடி நீர் காரணமாக நிரப்பியே ஆக வேண்டுமென்றால் இன்றே தற்காலிக வேலி போடுங்கள்.

கேள்வி: குளத்தில் இறங்கினால் கண் எரிகிறது, குளோரின் வாடை மூக்கைத் துளைக்கிறது. குளோரினைக் குறைத்துவிட்டேன், வாடை கூடுகிறது!

பதில்: கூடத்தான் செய்யும். அந்த வாடை குளோரினுடையதன்று. வியர்வையிலும் சிறுநீரிலும் உள்ள நைட்ரஜன் பொருள்களோடு குளோரின் சேர்ந்து உண்டாகும் குளோரமின்களின் வாடை அது. வேலை செய்யும் குளோரின் தீர்ந்துபோன அறிகுறி. சோதனைப் பெட்டி வாங்கி அளந்து பாருங்கள். லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் கட்டற்ற குளோரின், அதாவது இன்னும் எதோடும் சேராத குளோரின், இருக்க வேண்டும். நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையில் இருக்க வேண்டும். பிஎச் 7.5-ல் குளோரினில் ஏறத்தாழ பாதி கிருமியைக் கொல்லும் வடிவில் இருக்கும். 8-ஐத் தாண்டினால் கால்வாசிகூட இராது. எத்தனை கொட்டினாலும் வீண். ஆகவே முதலில் பிஎச், பிறகு குளோரின்.

நம் மாதிரிக் குளத்தில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் உயர்த்த 48 கிராம் குளோரின் தேவை. பத்து சதவீதத் திரவக் குளோரின் என்றால் ஏறத்தாழ அரை லிட்டர். வெயில் குளோரினைச் சிதைத்துவிடும், ஆகவே மாலையில் போடுங்கள். இறங்குமுன் எல்லோரும் உடல் கழுவிக்கொண்டாலே பாதிப் பிரச்சினை தீரும்.

குளோரினையும் அமிலத்தையும் ஒரே வாளியில், ஒரே அலமாரியில் வைக்கவே வைக்காதீர்கள். இரண்டும் கலந்தால் நச்சு வாயு. இருவகைத் தூள் குளோரின்களை ஒன்றாகக் கலந்தால் தீப்பற்றவும் வெடிக்கவும் கூடும். எதையும் தண்ணீரில் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது.

கேள்வி: உப்புநீர்க் குளம் கட்டினால் குளோரினே வேண்டாமாமே?

பதில்: வேண்டும். உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரினை அங்கேயே உண்டாக்கும் கருவி அது. லிட்டருக்கு 3 முதல் 4 கிராம் உப்பு, கடல் நீரில் பத்தில் ஒரு பங்கு. மாதிரிக் குளத்துக்கு ஏறத்தாழ 170 கிலோ. டப்பா தூக்கும் வேலை குறையும், தண்ணீர் மென்மையாக இருக்கும். பிஎச் மெல்ல ஏறிக்கொண்டே போகும், அதைக் கவனிக்க வேண்டும். இரும்புப் பொருத்துகளும் சிலவகைக் கற்களும் அரிக்கும். கம்பிக்கு மேல் கான்கிரீட் மூடல் குறைவாக உள்ள பழைய குளத்தில் உப்பு போட நான் சம்மதிக்க மாட்டேன்.

கேள்வி: தினமும் அரை சென்டிமீட்டர் நீர் குறைகிறது. கசிவா, ஆவியா? டைல்ஸை உடைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

பதில்: உடைக்காதீர்கள். வறண்ட, காற்றடிக்கும் நாளில் ஐந்து மில்லிமீட்டர் ஆவியாவது இயல்பு; 32 சதுர மீட்டர் பரப்பில் அது 160 லிட்டர். இரவில் குளத்தை மூடி வைத்தாலே பெருமளவு மிச்சமாகும்.

உறுதி செய்ய ஒரு வாளி போதும். மேல்படியில் வாளியை வைத்து, உள்ளே குளத்து நீரை நிரப்பி, வாளிக்குள்ளும் வெளியிலும் நீர்மட்டத்தைக் குறியிடுங்கள். 24 மணி நேரம் கழித்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு இறங்கியிருந்தால் ஆவி. குளம் மட்டும் கூடுதலாக இறங்கியிருந்தால் கசிவு. சோதனையை ஒருமுறை பம்பை ஓட்டியும், ஒருமுறை நிறுத்தியும் செய்யுங்கள். ஓடும்போது மட்டும் அதிகமாகக் குறைந்தால் குளத்துக்குத் தண்ணீரைத் திருப்பி அனுப்பும் குழாயைச் சந்தேகப்படுங்கள். பம்பை நிறுத்தியும் குறைந்து, ஒரு குறிப்பிட்ட மட்டத்தில் நின்றுவிட்டால், அந்த மட்டத்தில் என்ன இருக்கிறதென்று பாருங்கள். பெரும்பாலும் ஸ்கிம்மர் வாய், விளக்குக் குழியின் மின்குழாய், நீர்வரத்துத் துளை இவற்றில் ஒன்றாக இருக்கும். தண்ணீர் அசையாமல் இருக்கும்போது அங்கே ஒரு துளி சாயத்தை மெல்ல விடுங்கள். ஓட்டை இருந்தால் சாயம் அதற்குள் இழுக்கப்படுவது கண்ணுக்குத் தெரியும். அவ்வளவு சிறிய ஓட்டையை நீருக்கடியிலேயே இறுகும் எபாக்சி பசையால் அடைத்துவிடலாம். குளத்தை வடிக்கத் தேவையில்லை.